நம்ம ஆளா?

போன மாதம் ஒரு இலக்கியக் கூட்டம் முடிந்து லிட்டில் இந்தியாவில் நாலைந்து பேர் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தோம். ஸ்குவாஷ் வீராங்கனை நிக்கோல் டேவிட்டைப் பற்றி எழுதப்போகிறேன் என்றேன். மூத்தவர் ஒருவர் கேட்டார்: "தம்பி, அவ நம்ம ஆளா, சீனப் பிள்ளையா?" பக்கத்திலிருந்தவர் பேச்சையே முடித்துவைத்தார்: "யாரா இருந்தா என்னண்ணே, ஒலிம்பிக்ல ஒண்ணும் வாங்கலையே."

இந்த இரண்டு வாக்கியங்களோடுதான் எனக்குச் சண்டை.

இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். அவர் ஆடிய காலத்தில் ஒலிம்பிக்கில் ஸ்குவாஷே கிடையாது. 2028 லாஸ் ஏஞ்சல்ஸில்தான் முதல்முறையாக வருகிறது. அவர் 2019இலேயே ஓய்வு பெற்றுவிட்டார். தன் உலகப் பட்டங்களை ஒரு ஒலிம்பிக் தங்கத்துக்காகக் கொடுத்துவிடத் தயார் என்று அவரே சொன்னதுண்டு. அந்த ஏக்கம் அவருடையது. அதை எடுத்து அவரையே அளக்க நமக்கு என்ன உரிமை? எட்டு முறை உலகச் சாம்பியன், தொடர்ந்து 108 மாதங்கள் உலகின் முதலிடம். இதுக்கு மேல என்னதான் வேணும்?

முதல் கேள்விதான் மோசமானது. ஜார்ஜ் டவுனில் 1983இல் பிறந்தவர். அப்பா இந்திய வம்சாவளி, அம்மா சீனர். அதனால் என்ன, பாதி மட்டும் கைதட்டலாமா? பாரத்தில் 'இனம்' என்ற கட்டத்தை நிரப்பும் குமாஸ்தாவுக்கு அந்தக் கேள்வி அவசியம். எழுத்தாளனுக்கு எதற்கு? பதில் "ஆமாம்" என்றால் ஒரு பாராட்டு விழா, "இல்லை" என்றால் மௌனம். இரண்டிலும் அவர் என்ன செய்தார் என்று யாரும் பார்க்கப்போவதில்லை.

அவர் செய்ததைப் பாருங்கள். 2014, கெய்ரோ, உலகச் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம். எதிரே எகிப்தின் ரனீம் எல் வெலிலி, சொந்த ஊர்க் கூட்டம். ஐந்தாவது செட்டில் ரனீம் 10–6. இன்னும் ஒரே புள்ளி போதும். நிக்கோல் அந்த நான்கு வாய்ப்புகளையும் ஒவ்வொன்றாகத் தடுத்து 14–12 என்று வென்றார். அதுதான் அவருடைய எட்டாவது உலகப் பட்டம், கடைசியும் அதுவே. அடுத்த ஆண்டு அதே ரனீம் அவரை முதலிடத்திலிருந்து இறக்கினார். அதற்குப் பிறகும் நிக்கோல் நான்கு பருவங்கள் ஆடினார். தன்னைவிட இளையவர்களிடம் தோற்றுத் தோற்று ஆடினார்.

எனக்கு அந்த நான்கு ஆண்டுகள்தான் முக்கியம். உச்சியிலிருந்து இறங்கிய பிறகும் காலையில் எழுந்து அதே சுவரில் பந்தை அடிக்கப் போகும் ஒரு பெண் உடம்பு. நம் கதைகளில் ரப்பர் மரம் இருக்கிறது, லயம் இருக்கிறது, சாராயம் இருக்கிறது. அவை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பயிற்சி செய்கிற உடம்பு எங்கே? திறமை தேய்வதை ஒருத்தி நாள்தோறும் உணர்கிற கதை எங்கே? தோல்வி என்றால் வறுமை மட்டும்தானா?

புக்கிட் டும்பாரில் அவர் பெயரிலேயே ஸ்குவாஷ் மையம் இருக்கிறது. லிட்டில் இந்தியாவிலிருந்து மோட்டாரில் போனால் தூரமே இல்லை. நண்பர்களே, ஒரு சாயங்காலம் போய் ஆட்டம் பாருங்கள். வியர்வையைப் பாருங்கள், மூச்சு வாங்குவதைக் கேளுங்கள். வந்து எழுதுங்கள். யாரோட பிள்ளைன்னு அப்புறமா விசாரிச்சுக்கலாம்.