திரையில் மாறும் பட்டின் நிறம்

காஞ்சிபுரத்துப் பட்டுக்கு நிறமே பாதி மதிப்பு. அரக்கு, மயில் கழுத்து, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை என்று பெயர் சொன்ன மாத்திரத்தில் நெசவாளரும் வியாபாரியும் வாங்குகிறவரும் ஒரே நிறத்தை மனத்தில் காண்கிறார்கள் என்றால், அது பல தலைமுறைகள் ரசனையோடு பழகி வந்ததன் பலன்; எம்.எஸ். சுப்புலக்ஷ்மி அம்மையார் விரும்பி உடுத்திய நீலத்துக்கு அவர் பெயரே நிலைத்துவிட, இன்றும் ‘எம்.எஸ். நீலம்’ என்று கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். முன்பெல்லாம் புடவையைக் கடை வாசலுக்கு எடுத்து வந்து பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துத்தான் பணத்தை எண்ணுவார்கள். இப்போது கைபேசித் திரையில் ஒரு படத்தைப் பார்த்து, அதை நம்பிப் பெருந்தொகை அனுப்பி, கலியாணத்துக்கு நான்கு நாள் முன்பு பார்சலைப் பிரித்துப் பார்த்து, ‘படத்தில் இருந்த நிறம் இதுவல்லவே’ என்று மனம் நொந்துபோகிறவர்களைத் தெருவுக்குத் தெரு காண்கிறோம்.

‘படத்துக்கும் பொருளுக்கும் நிறத்தில் சிறிது வித்தியாசம் இருக்கலாம்’ என்று விற்பனைப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டால் பொறுப்புத் தீர்ந்தது என்று வியாபாரிகள் பலர் எண்ணுகிறார்கள். இந்த அபிப்பிராயத்தை நான் ஏற்கவில்லை. அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதிக்கு நிவாரணம் உள்ளது. அதற்குச் செலவும் கிடையாது. வேண்டியது சிறிது சிரத்தைதான்.

கணினியில் நிறம் என்று ஒன்று இல்லை, இருப்பவை எண்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. இந்த எண்கள் பாடகரின் ஸ்வரங்களைப் போன்றவை: ‘ச, ரி, க’ என்று எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது, எந்தச் சுருதியில் பாடவேண்டும் என்பதும் தெரிந்தால்தான் பாடியவரும் பின்பாட்டுக்காரரும் ஒன்றுபடுவார்கள். படத்தின் எண்களுக்குச் சுருதி சொல்லும் சிறு குறிப்புக்குத்தான் கலர் புரொஃபைல் என்று பெயர். அது படத்துடன் இருந்தால் நன்கு அமைந்த திரை ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரே நிறத்தைக் காட்டும். இல்லாவிட்டால் அந்தந்தத் திரை தன் போக்கில் அர்த்தம் செய்துகொள்ளும்.

இதற்கான அஸ்திவாரம் புதிதன்று. மனிதக் கண் நிறத்தைக் காணும் விதத்தை ரைட், கில்ட் என்ற இரு பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் பரிசோதனைகள் செய்து அளந்ததை ஆதாரமாகக் கொண்டு, 1931-இல் சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் நிறங்களுக்கு ஒரு பொதுக் கணக்கை நிர்ணயம் செய்தது. 1993-இல் அடோபி, ஆப்பிள், கோடாக், மைக்ரோசாஃப்ட் உள்ளிட்ட எட்டு நிறுவனங்கள் கூடி, கலர் புரொஃபைலை எப்படி எழுதவேண்டும் என்பதற்குப் பொதுவிதி வகுக்க ஒரு சங்கம் அமைத்தன. 1996-இல் ஹியூலெட் பேக்கார்டும் மைக்ரோசாஃப்டும் சாதாரணக் கணினித் திரைகளை உத்தேசித்து எஸ்ஆர்ஜிபி என்ற அளவையை முன்வைத்தன. 1999-இல் அது சர்வதேசத் தரமாயிற்று. இதற்கிடையே 1998-இல், அச்சுத் தொழிலுக்குத் தேவையான அகன்ற நிறங்களையும் உள்ளடக்கி, அடோபி ஆர்ஜிபி பிறந்தது. கண்ணுக்குப் புலப்படும் நிறங்களில் முன்னது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கையும் பின்னது ஏறக்குறையப் பாதியையும் அடக்கும். இரண்டும் நல்லவையே, ஒன்றின் எண்களை மற்றொன்றின் எண்களாகப் படிப்பதில்தான் அனர்த்தம் விளைகிறது.

எப்படி என்று அருகில் சென்று பார்ப்போம். எஸ்ஆர்ஜிபியில் சுத்தமான பச்சைக்கு எண்கள் 0, 255, 0. அதே பச்சையை அடோபி ஆர்ஜிபியில் எழுதினால் 144, 255, 60. சுத்தச் சிவப்பு 255, 0, 0 என்பது அங்கே 219, 0, 0 ஆகிறது. நீலமோ 255-இலிருந்து 250-க்கு இறங்குவதோடு சரி. அடோபி ஆர்ஜிபியில் திருத்திய புடவைப் படம் ஒன்று புரொஃபைல் இல்லாமல் இணையத்துக்குப் போனால், இணையத் தரங்களின்படி உலாவி அதை எஸ்ஆர்ஜிபி என்றே கொள்ளும். அப்போது கிளிப்பச்சை மஞ்சள் பாய்ந்து வெளிறுகிறது, சிவப்பு களையிழக்கிறது, நீலம் மட்டும் அவ்வளவாகப் பேதப்படாமல் நிற்கிறது. நீல உடலும் அரக்குக் கரையும் கொண்ட புடவையில் உடல் சரியாக இருந்து கரை மட்டும் மங்கிக் காண்பதற்கும், படம் எடுத்தவர் தம் கேமராவின் மேல் பழி போடுவதற்கும் காரணம் பெரும்பாலும் இதுதான்.

போட்டோஷாப்பில் இதற்கென்று இரண்டு கட்டளைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. அவற்றுக்குள் பேதம் தெரியாததால் நேரும் குழப்பம் கொஞ்சநஞ்சமன்று. ‘அசைன்’ என்பது எண்களை அப்படியே வைத்துக்கொண்டு அவற்றின் அர்த்தத்தை மாற்றுகிறது. ஆகவே நிறம் மாறிப்போகிறது. ‘கன்வர்ட்’ என்பது நிறத்தைக் காப்பாற்றுவதற்காக எண்களை மாற்றி எழுதுகிறது. இணையத்துக்குப் போகும் படத்துக்கு வேண்டியது இரண்டாவது: எஸ்ஆர்ஜிபிக்கு ‘கன்வர்ட்’ செய்து, சேமிக்கும்போது புரொஃபைலையும் சேர்த்து வைக்கும் கட்டத்தில் ஒரு டிக் போட்டுவிட்டால் வேலை முடிந்தது.

மறுபுறத்திலும் ஒரு சங்கடம் உண்டு. ஆப்பிள் நிறுவனம் 2016-இல் ஐபோன் 7-இல் அகன்ற நிறத் திரையைக் கொண்டுவந்தது. பிற நிறுவனங்களின் கைபேசிகளிலும் அத்தகைய திரைகள் இன்று சகஜமாகிவிட்டன. புரொஃபைலை மதிக்காத செயலி ஒன்று எஸ்ஆர்ஜிபி படத்தை அந்தத் திரையில் அப்படியே கொட்டினால், அடக்கமான அரக்கும் கண்ணைப் பறிக்கும் சிவப்பாகிவிடும். இரவில் நைட் மோடு போட்டுக்கொண்டு புடவை தேர்ந்தெடுப்பவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வெள்ளையே மஞ்சளாகத் தெரியும் திரையில் மாம்பழ நிறத்தை யார் நிச்சயிக்க முடியும்?

புகைப்படங்களை அனுப்பும் செயலிகளும் சுருக்கித் தரும் மென்பொருள்களும் இடத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணிப் புரொஃபைலை உரித்தெடுத்துவிடுவதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம். வழக்கமான எஸ்ஆர்ஜிபி புரொஃபைல் ஏறக்குறைய 3 கிலோபைட்; விற்பனைப் படம் ஒன்றோ பல நூறு கிலோபைட். இந்த அற்ப லாபத்துக்காக, சாயக்காரர் வெந்நீர்த் தொட்டிக்கு முன் நின்று நூலைத் திரும்பத் திரும்பத் தோய்த்துக் கொண்டுவந்த நிறத்தைப் பலியிடுவது நியாயமாகாது.

விஞ்ஞானத்துக்கும் எல்லை உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பாவு ஒரு நிறமும் ஊடை வேறு நிறமுமாக நெய்த மயில் கழுத்துப் பட்டு, கையில் திருப்பும் பக்கத்துக்கு ஏற்ப ஒருமுறை நீலமாகவும் மறுமுறை பச்சையாகவும் ஜொலிக்கும். அசையாத படம் ஒன்று அதில் ஒரு கணத்தைத்தான் பிடிக்கும். அந்த நீலப்பச்சையின் ஆழமும் சில பட்டுகளில் எஸ்ஆர்ஜிபியின் எல்லைக்கு அப்பால் நின்றுவிடுகிறது. ஆகவே அத்தகைய புடவைக்கு இரண்டு கோணங்களில் படம் போடுவதோ, மடிப்பை அசைத்துக் காட்டும் சிறு வீடியோ சேர்ப்பதோதான் நாணயமான வழி. மேலும், கடையின் மஞ்சள் விளக்கும் டியூப்லைட்டும் கலந்து விழும் இடத்தில் எடுத்த படத்தைப் பின்னர் எந்தப் புரொஃபைலாலும் கரையேற்ற முடியாது. ஒரே வகை வெளிச்சத்தில், முதல் படத்தில் மட்டும் ஒரு சாம்பல் நிற அட்டையைப் புடவையின் அருகில் வைத்து எடுத்துக்கொண்டால், மற்றப் படங்களின் வெண்மையை அதைக் கொண்டு சரிப்படுத்திவிடலாம்.

ஸ்டூடியோக்காரர்கள் தங்கள் திரைகளை அளவுக் கருவி கொண்டு மாதத்துக்கு ஒரு தடவையாவது சரிபார்க்க வேண்டும். செயலிகளை எழுதுகிற நம் இளைஞர்கள், படத்தைச் சுருக்கினாலும் புரொஃபைலைத் தொடாமல் விட வேண்டும். வியாபாரிகள் புடவையையும் படத்தையும் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இரண்டும் ஒத்திருந்தால் மட்டுமே விற்பனைப் பக்கத்தில் ஏற்ற வேண்டும். வாங்குகிற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: பணம் அனுப்புமுன் நைட் மோடை அணைத்துவிட்டு, வேறொரு கைபேசியிலும் படத்தைப் பாருங்கள், இரண்டிலும் நிறம் வேறுபட்டால், பகலில் எடுத்த படம் ஒன்றைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.