நாள் கொடுத்தார்கள், சோறு கொடுத்தார்களா?

2020-ம் வருஷம் மார்ச்சு 24-ந் தேதி இரவு ஊரடங்கு அறிவிக்கப்பட்டதும், டாக்டர் பட்டத்திற்காக ஆராய்ச்சி செய்துவந்த மாணவர்களின் சோதனைச் சாலைகளுக்கும் புத்தக சாலைகளுக்கும் பூட்டு விழுந்தது. விடுதியிலிருந்த பலர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர்போய்ச் சேர்ந்தார்கள். வேலை நின்றது. வயிறு நிற்குமா?

இவர்களுக்குச் சர்க்கார் கொடுக்கும் பணத்திற்கு உபகாரச் சம்பளம் என்று பெயர். ஜே.ஆர்.எஃப். பரீட்சையில் தேறியவருக்கு அப்பொழுது மாதம் 31,000 ரூபாய். அது கிடைக்காமல் மத்திய சர்க்கார் சர்வகலாசாலைகளில் ஆராய்ச்சி செய்பவருக்கு 8,000 ரூபாய்தான்.

இனி, பல்கலைக்கழக மானியக் குழுவார் செய்த நியாயத்தைப் பாருங்கள். ஆராய்ச்சி நூலைச் சமர்ப்பிக்கும் கெடுவை முதலில் ஆறு மாதம் நீட்டினார்கள். பிறகும் நீட்டி 2022 ஜூன் 30 வரை கொண்டுபோனார்கள். சந்தோஷம். ஆனால், உபகாரச் சம்பளம் மாத்திரம் ஐந்து வருஷத்துக்கு மேல் கிடையாது என்று கூடவே எழுதிவிட்டார்கள். அதாவது, கொரோனாவினால் காலம் வீணாயிற்று என்பதை ஒப்புக்கொள்ளுகின்றார்கள்; அந்தக் காலத்திலும் மனிதனுக்குச் சோறு வேண்டும் என்பதை மாத்திரம் ஒப்புக்கொள்ளவில்லை!

உத்தரவு எல்லோருக்கும் பொதுதானே என்று சிலர் கேட்கக்கூடும். பொதுதான். தலைமுறை தலைமுறையாய் உத்தியோகமும் பென்ஷனும் சொந்த வீடும் உள்ள கூட்டத்துப் பிள்ளை, அப்பன் சோற்றைத் தின்றுகொண்டு ஒரு வருஷம் உட்கார்ந்து எழுதி முடித்துவிடுவான். கூலிக்காரன் வீட்டில் முதன்முதலாய்ப் படிக்கவந்த பிள்ளையோ, அந்தப் பணத்தில் தான் சாப்பிட்டதுபோக வீட்டிற்கும் அனுப்பிக்கொண்டிருந்தவன். அது நின்றால் கிடைத்த வேலைக்கு ஓடத்தான் வேண்டும். பெண்ணாயிருந்தால் கேட்கவே வேண்டியதில்லை; பணம் நின்ற மாதமே பெற்றோர் ஜாதகத்தைக் கையில் எடுத்துவிடுவார்கள். பிறகு, “இந்த ஜாதிக்காரர்களுக்குத் தகுதி போதாது, பாதியில் விட்டுவிட்டார்கள்” என்று நாக்கில் நரம்பில்லாமல் பேசுவதும் அதே கூட்டந்தான்.

சர்க்காருக்கு இதையெல்லாம் கவனிக்க அப்பொழுது அவகாசமில்லை என்பார்கள். ஏப்ரல் 5-ந் தேதி இரவு 9 மணிக்கு 9 நிமிஷம் விளக்கேற்றச் சொல்லவும், ஆகஸ்டு 5-ந் தேதி அயோத்தியில் பூமி பூஜைக்குப் பிரதம மந்திரி போய் உட்காரவும் அவகாசம் இருந்ததே!

கெடுவை எத்தனை மாதம் நீட்டுகின்றார்களோ, அத்தனை மாதத்திற்கும் பணத்தையும் நீட்டவேண்டுமென்று விதியிலேயே எழுதிவைக்கட்டும். அடுத்த கொள்ளைநோய் நல்ல நாள் பார்த்துக்கொண்டு வரப்போவதில்லை. 2023-ல் 31,000 ரூபாயை 37,000 ஆக்கினார்கள். 8,000 ரூபாய்க்காரர்களை அப்பொழுதும் திரும்பிப் பார்க்கவில்லை.