எண்ணினால்தானே தெரியும்!



சென்ற மாதம் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் மறைக்கல்வி வகுப்புச் சிறுவன் ஒருவன் என்னிடம் வந்தான். "சாமி, வெம்பக்கோட்டையில் காக்கையும் மைனாவும்தானே இருக்கின்றன? மற்ற ஊர்களில் மட்டும் ஏன் இத்தனை வகைப் பறவைகள்?" என்று வினவினான். அவ்வினா எல்லாருக்கும் உரியது.

உலகில் ஏறத்தாழ 11,000 வகைப் பறவைகள் உள்ளன. இந்தியாவில் மட்டும் 1,300க்கு மேல். பரப்பளவில் நம்மைப்போல் மூன்று மடங்கான கனடாவிலோ இதில் பாதியளவே உண்டு. நம் நாட்டில் மூன்றில் ஒரு பங்கே பரப்புள்ள கொலம்பியாவிலோ 1,900ஐ ஒட்டிய வகைகள்! ஆகவே நிலத்தின் அளவு மட்டும் காரணமன்று.

கொலம்பியா நிலநடுக்கோட்டில் அமைந்த நாடு. அங்கே ஆண்டு முழுவதும் கனியும் பூச்சியும் கிடைக்கும். ஆண்டிஸ் மலைத்தொடர் மூன்று கிளைகளாகப் பிரிந்து ஓடுகிறது. உயரம் மாறினால் குளிர் மாறும், மரம் மாறும், அவற்றோடு பறவையும் மாறும். கனடாவிலோ நீண்ட பனிக்காலம். இரை தேடிப் பெரும்பாலான பறவைகள் தெற்கே பறந்துவிடுகின்றன.

இந்நியதி நமக்கும் பொருந்தும். மேற்குத்தொடர்ச்சி மலையின் ஈரக்காட்டில் வாழும் இருவாச்சி நம் கரிசலுக்கு வராது. ஆனால் நம் முட்புதர்களில் வாழும் கவுதாரியும் வானம்பாடியும் அந்த அடர்காட்டில் குடியிருக்கமாட்டா. வைப்பாற்று நீர்த்தேக்கத்தில் நீர் நின்றால் நீர்க்காகமும் நாரையும் நம்மைத் தேடி வரும்.

மற்றொன்றையும் மறக்கலாகாது. வேடந்தாங்கலுக்குத் தொலைநோக்கியோடு செல்வோர் பலர். கரிசல் முட்காட்டுக்குச் செல்வோர் மிகச் சிலர். பட்டியல் சிறிதாயிருப்பது பறவை குறைந்ததாலா, பார்ப்பவர் குறைந்ததாலா? ஒரே பருவத்தில், ஒரே அளவு நேரம் பார்த்து எண்ணினாலன்றி இரண்டு இடங்களை ஒப்பிடுதல் நேர்மையாகாது. எண்ணப்படாத நிலத்தைத் 'தரிசு' என்று எழுதிவிடுதல் எளிது. அப்படி எழுதியபின் அங்கே மண் அள்ள எவரும் தயங்கார்.

மறுநாள் விடியலில் அச்சிறுவனும் நானும் நீர்த்தேக்கத்தின் கரையில் ஒரு மணி நேரம் நின்றோம். அவனுடைய குறிப்பேட்டில் 19 வகைகள் ஏறின. காக்கையும் மைனாவும் அவற்றுள் இரண்டு மட்டுமே.

தமிழகத்தில் 2015 முதல் பொங்கல் நாள்களில் பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. வரும் பொங்கலன்று, பிள்ளைகளின் கையில் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து நீங்களும் உடன் செல்லுங்கள். நம் ஊரின் கணக்கை நாம் எழுதாவிடில் வேறு யார் எழுதுவார்?