தீர்ப்பு வந்த பிறகும் கதிரையா?

 

கொஞ்சம் நீண்ட பதிவு. கோபம் வந்தால் முழுவதையும் வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

போன கிழமை தரம் 11 பிள்ளைகளுக்குச் சட்டவாட்சி பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று பலகையில் எழுதினேன். பின் வாங்கில் இருந்து ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டான்: "சேர், எங்கட நானா செக்கியூரிட்டி வேலைக்குப் போகவும் பொலிஸ் ரிப்போட் கேட்டாங்க. எம்.பி.மாருக்குக் கேக்க மாட்டாங்களா?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டுப் பாடப்புத்தகத்தில் உள்ள பதிலைச் சொன்னேன். அவன் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தான். ஆனால் அவனுக்குத் திருப்தி இல்லை என்று முகத்தில் தெரிந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கும் திருப்தி இல்லை. அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

தூர இடத்துக் கதை தேவையில்லை. நம்ம இரத்தினபுரி மாவட்டத்திலேயே நடந்தது இருக்கிறது.

2015 ஜனவரி 5. ஜனாதிபதித் தேர்தலுக்கு மூன்று நாள் இருந்தது. கஹவத்தையில் பொது வேட்பாளரின் கூட்டத்துக்கு மேடை போட்டுக்கொண்டிருந்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. காயப்பட்டவர்களில் ஒருவர் பின்னர் இறந்துபோனார். மேடை கட்டப் போனவர், வீட்டுக்குத் திரும்பவில்லை. அந்த வழக்கு ஐந்தரை வருடம் நடந்தது. 2020 ஜூலை 31ஆம் திகதி இரத்தினபுரி மேல் நீதிமன்றம் பிரேமலால் ஜயசேகரவுக்கும் இன்னும் இருவருக்கும் மரண தண்டனை விதித்தது.

அடுத்த ஐந்தாம் நாள் பொதுத் தேர்தல். வேட்புமனு மார்ச் மாதமே முடிந்துவிட்டதால் வாக்குச்சீட்டில் அவருடைய இலக்கம் இருந்தது. கொரோனா காலத் தேர்தல் அது, ஞாபகம் இருக்கும். முகக்கவசம் போட்டுக்கொண்டு, வீட்டிலிருந்து பேனை கொண்டுபோய்ப் புள்ளடி போட்டோம். நான் அன்று ஒரு வாக்களிப்பு நிலையத்தில் கடமையில் இருந்தேன். வரிசையில் நின்ற எல்லோருக்கும் தீர்ப்புச் செய்தி தெரியும். தெரிந்துதான் வந்தார்கள். பெட்டியைத் திறந்து எண்ணியபோது அவருக்கு 104,237 விருப்பு வாக்குகள்.

சிறைச்சாலையிலிருந்து அவரைப் பாராளுமன்றத்துக்குக் கொண்டுவரலாமா என்று பெரிய வாதம் நடந்தது. அவர் சபையில் உட்காரவும் வாக்களிக்கவும் தகுதியில்லை என்பது அன்றைய சட்டமா அதிபரின் கருத்து. மேன்முறையீடு இருப்பதால் தடையில்லை என்பது சபாநாயகரின் முடிவு. மேன்முறையீட்டு நீதிமன்றமும் அவரை அழைத்துப்போக இடைக்கால உத்தரவு கொடுத்தது. 2020 செப்டம்பர் 8ஆம் திகதி, எதிர்க்கட்சியினர் கறுப்புச் சால்வை போட்டுக்கொண்டு வெளியேற, அவர் சத்தியப்பிரமாணம் செய்தார்.

இங்கே ஒரு விடயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 2022 மார்ச் 31ஆம் திகதி மேன்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. ஆகவே சட்டப்படி அவர் இன்று நிரபராதி. அவரைக் குற்றவாளி என்று காட்டுவதற்காக நான் இதை எழுதவில்லை. அது நீதிமன்றத்தின் வேலை, அது முடிந்துவிட்டது. என் கேள்வி அந்த இடைப்பட்ட 20 மாதத்தைப் பற்றியது. ஒரு நீதிமன்றம் கொலைக் குற்றவாளி என்று சொல்லி, இன்னொரு நீதிமன்றம் அதை மாற்றாமல் இருக்கும் காலத்தில், ஒருவர் நமக்குச் சட்டம் இயற்றும் கதிரையில் இருக்கலாமா?

நம்ம அரசியலமைப்பு என்ன சொல்கிறது? 89ஆம் உறுப்புரை யார் யார் வாக்காளராக இருக்க முடியாது என்று சொல்கிறது. மரண தண்டனைத் தீர்ப்புக்கு உட்பட்டிருப்பவர் அதில் ஒருவர். இரண்டு வருடத்துக்குக் குறையாமல் சிறை விதிக்கக்கூடிய குற்றத்துக்காக ஆறு மாதத்துக்குக் குறையாத தண்டனை அனுபவிப்பவரும், அனுபவித்து முடித்து ஏழு வருடம் ஆகாதவரும் அதில் அடங்குவர். 91ஆம் உறுப்புரை, வாக்காளராகத் தகுதியில்லாதவர் பாராளுமன்ற உறுப்பினராகவும் தகுதியில்லை என்கிறது. 66ஆம் உறுப்புரைப்படி அப்படியானவரின் ஆசனம் வெற்றிடமாகும்.

சாதாரண மனிதன் வாசித்தால் விளங்குவது ஒன்றுதான். வாக்குப் போடவே தகுதியில்லாதவர், வாக்கு வாங்கி உட்கார முடியாது. ஆனால் மேன்முறையீடு நிலுவையில் இருந்தால் என்ன செய்வது என்று அங்கே தெளிவாக எழுதவில்லை. அந்த இடைவெளிக்குள்தான் எல்லாம் நடந்தது.

இப்போது ரஞ்சன் ராமநாயக்கவைப் பாருங்கள். நீதிபதிகளைப் பற்றிப் பேசியதற்காக, நீதிமன்ற அவமதிப்பு என்று 2021 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் அவருக்கு நான்கு வருடக் கடூழியச் சிறை விதித்தது. ஏப்ரல் மாதமே ஆசனம் போய்விட்டது. கொலை வழக்கில் மரண தண்டனை பெற்றவர் உள்ளே, வாயால் பேசியவர் வெளியே. இரண்டும் ஒரே பாராளுமன்றத்தில், ஒரே வருடத்துக்குள் நடந்தது.

இதற்குச் சட்டக் காரணம் இல்லாமல் இல்லை. ரஞ்சனுக்குத் தண்டனை கொடுத்ததே நாட்டின் அதியுயர் நீதிமன்றம், அதற்கு மேல் மேன்முறையீடு செய்ய இடமில்லை. மற்றவருக்கு இருந்தது. ஆனால் இந்த விளக்கத்தைப் பின் வாங்கில் இருந்த அந்தப் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். சட்டவாட்சி பற்றி அவன் என்ன படித்துக்கொள்வான்?

நியாயமாக எதிர்ப்பக்க வாதத்தையும் பார்ப்போம். இரண்டு வாதம் பலமானது.

முதலாவது, "மக்கள் தெரிந்துதான் தெரிவு செய்தார்கள். மக்கள் தீர்ப்புக்கு மேல் என்ன தீர்ப்பு?" என்பது. ஒரு இலட்சம் பேரின் வாக்கை நான் இலேசாக எடுக்கவில்லை. ஆனால் வாக்கு என்பது நம்மைப் பிரதிநிதித்துவப்படுத்த ஒருவரை அனுப்புவது. ஒருவர் கொலை செய்தாரா இல்லையா என்று விசாரிப்பது வேறு வேலை. அதற்குச் சாட்சி வேண்டும், குறுக்கு விசாரணை வேண்டும். புள்ளடியால் ஒரு மனிதனைக் குற்றவாளியாக்க முடியாது என்றால், புள்ளடியால் நிரபராதியாக்கவும் முடியாது. அப்படி முடியும் என்று வைத்துக்கொண்டால், வாக்குக் குறைந்த சிறிய சமூகமான நமக்குத்தான் முதலில் ஆபத்து. பெரும்பான்மை சொல்வதே நீதி என்றால் நாம் எங்கே போய் நிற்பது?

இரண்டாவது வாதம் இதைவிடக் கடினம். "2020இலேயே ஆசனத்தைப் பறித்திருந்தால், 2022இல் நிரபராதி என்று வெளியே வந்தவருக்கு என்ன பதில்?" என்னைப் பல நாள் யோசிக்க வைத்த கேள்வி இது. பறித்த ஆசனத்தைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை என்றால் அதுவும் அநியாயம்தான்.

பக்கத்து நாட்டைப் பார்ப்போம். இந்தியாவிலும் முன்பு மேன்முறையீடு போட்டுவிட்டால் பதவி தப்பிவிடும். 2013 ஜூலை 10ஆம் திகதி அந்நாட்டு உச்ச நீதிமன்றம் லில்லி தாமஸ் வழக்கில் அந்தச் சலுகையை இரத்துச் செய்தது. இரண்டு வருடமோ அதற்கு மேலோ தண்டனை என்றால் உடனே பதவி போகும். 2014 செப்டம்பரில் ஜெயலலிதா முதலமைச்சராக இருந்தபோதே அப்படித்தான் பதவி இழந்தார். 2015 மே மாதம் மேன்முறையீட்டில் விடுதலையாகி மீண்டும் முதலமைச்சரானார். அவர் மறைந்த பிறகு, 2017 பெப்ரவரியில், அந்த விடுதலையும் பிழை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 மார்ச் மாதம் ராகுல் காந்தி ஒரு அவதூறு வழக்கில் தண்டனை பெற்ற மறுநாளே ஆசனம் இழந்தார். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்ததும் ஆசனம் திரும்பக் கிடைத்தது.

இதில் நமக்கு இரண்டு படிப்பினை இருக்கிறது. கண்டிப்பான சட்டம் போட்டால் பெரிய தலைவரும் இறங்கத்தான் வேண்டும். அதே சட்டம் மேடையில் பேசிய பேச்சுக்காக ஒரு எதிர்க்கட்சிக்காரரை வெளியேற்றவும் பாவிக்கப்படலாம். ஆகவே எந்தக் குற்றம் என்பது முக்கியம், திரும்பி வரும் வழியும் முக்கியம்.

இதனால் என் கருத்து இதுதான். கொலை, பாலியல் வன்முறை, இலஞ்சம், பொதுப் பணத் திருட்டு போன்ற பாரிய குற்றங்களில் மேல் நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பளித்த நாளிலேயே உறுப்புரிமை தானாக இடைநிறுத்தப்பட வேண்டும். சபையில் உட்காரவோ வாக்களிக்கவோ அமைச்சுப் பதவி வகிக்கவோ முடியாது. ஆனால் ஆசனம் உடனே வெற்றிடமாகவும் கூடாது. அந்த மேன்முறையீட்டை, ஆறு மாதம் என்று வைப்போம், ஒரு தவணைக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். விடுதலையானால் சம்பளத்தோடு மரியாதையாகத் திரும்பி வரட்டும். தண்டனை உறுதியானால் ஆசனம் போகட்டும். நமது விகிதாசார முறையில் அதே கட்சியில் அடுத்த கூடுதல் விருப்பு வாக்கு எடுத்தவர் வருவார். இடைத்தேர்தல் செலவும் இல்லை, கட்சிக்கு வாக்களித்தவர்களுக்கு நட்டமும் இல்லை. இந்த முடிவு எந்தச் சபாநாயகரின் கையிலும் இருக்கக் கூடாது. அவரும் ஒரு கட்சியிலிருந்து வந்தவர்தானே.

இது புதுமையான யோசனையா? இல்லை. ஆசிரியரான எனக்கு இதே விதிதான். என் மீது பாரதூரமான வழக்கு வந்து குற்றவாளி என்று தீர்ப்பானால், "மேன்முறையீடு போட்டிருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டு மறுநாள் வகுப்பறைக்குள் போக முடியாது. வெளியே இருந்துதான் வழக்காட வேண்டும். நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நிற்பவனுக்கு உள்ள விதி, இரண்டு கோடிப் பேருக்குச் சட்டம் போடுபவருக்கு ஏன் இல்லை?

இன்னொரு காரணமும் இருக்கிறது. சாட்சி சொன்னவர்களும் இறந்தவரின் குடும்பமும் இதே மாவட்டத்தில்தான் வாழ்கிறார்கள். மேன்முறையீடு முடியாத வழக்கில் தண்டனை பெற்றவர் அதிகாரத்தில் இருந்தால், அடுத்த வழக்கில் சாட்சி சொல்ல யார் வருவார்? எந்த வழக்குக்கும் இது பொருந்தும்.

மன்னிப்பு என்ற பின்கதவையும் மூட வேண்டும். துமிந்த சில்வாவின் மரண தண்டனையை 2018இல் உயர் நீதிமன்றமே உறுதி செய்தது. 2021 ஜூன் 24இல் ஜனாதிபதி மன்னிப்பு வந்தது. அடுத்த மாதமே தேசிய வீடமைப்பு அதிகார சபையின் தலைவர் பதவி கொடுத்தார்கள். லயத்தில் ஒரு அறைக்குள் மூன்று தலைமுறை படுத்துக்கொண்டு வீடு எப்போது கிடைக்கும் என்று காத்திருக்கும் நாட்டில், வீடமைப்புக்குத் தலைவர் இப்படி வந்தார். 2024 ஜனவரி 17இல் உயர் நீதிமன்றம் அந்த மன்னிப்பு செல்லாது என்றது. நல்லது. ஆனால் இரண்டரை வருடம் எடுத்தது.

நம்ம கலவானைக்கு இதெல்லாம் புதிதில்லை. பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். 1977இல் நம்ம தொகுதியில் வென்றவர் தேர்தல் மனு வழக்கில் ஆசனத்தை இழந்தார். அவரைச் சபையில் வைத்துக்கொள்ள அன்றைய பலமான அரசாங்கம் யாப்பைத் திருத்துவது வரைக்கும் போய்ப் பார்த்தது. முடியவில்லை. 1981 ஜனவரி இடைத்தேர்தலில் சரத் முத்தெட்டுவேகம இந்தத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் போனார். நீதிமன்றத் தீர்ப்புக்கு மேல் கதிரை இல்லை என்று அன்றே பார்த்த ஊர் இது.

கடைசியாக நம்மைப் பற்றி. அரசியல்வாதிகளை மட்டும் திட்டிவிட்டுப் போனால் இந்தப் பதிவு பொய்யாகிவிடும்.

நாம் ஏன் வாக்களிக்கிறோம்? ரோட்டுக்குக் கொங்கிரீட் போட்டுத் தந்தார், மகனுக்கு வேலைக்குக் கடிதம் கொடுத்தார், 2017 வெள்ளத்தில் அரிசி கொண்டுவந்தார், வீட்டு மௌத்துக்கு வந்து நின்றார். அதனால் வாக்களிக்கிறோம். நானும் சுத்தமில்லை. பல வருடத்துக்கு முன் ஒரு இடமாற்றத்துக்காக ஒரு அரசியல்வாதியின் வீட்டு வாசலில் விடியற்காலை ஐந்து மணிக்குப் போய் வரிசையில் நின்றவன்தான் நான். கடிதம் கிடைத்தது. அதற்குப் பிறகு வந்த தேர்தலில் அவரைப் பற்றிக் கேள்விப்பட்ட எதையும் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடிதம் வாங்கிய வாயால் கேள்வி கேட்க முடியவில்லை. சட்டப்படி நமக்குக் கிடைக்க வேண்டியதை உதவியாக வாங்கிப் பழகியதால்தான், உதவி செய்பவர் யாராக இருந்தாலும் பரவாயில்லை என்று ஆகிவிட்டது.

மக்ஸூம் கோத்திரத்துப் பெண்ணின் சம்பவம் நமக்குத் தெரியும். பெரிய குடும்பத்துப் பெண் திருடியபோது, அவருக்காகப் பரிந்து பேச வந்தவர் மீது நபி (ஸல்) அவர்கள் கோபப்பட்டார்கள். பெரியவன் செய்தால் விட்டுவிட்டு எளியவன் செய்தால் தண்டித்ததால்தான் முன்னிருந்த சமூகங்கள் அழிந்தன என்று எச்சரித்தார்கள். பதவி ஒரு அமானிதம். அதை ஒப்படைக்கும் கை நம்முடையது.

அடுத்த முறை வாக்குக் கேட்டு யார் வந்தாலும், எந்தக் கட்சியானாலும், ரோட்டைப் பற்றிக் கேட்ட பிறகு இதையும் கேளுங்கள்: "தண்டனை பெற்றவர் கதிரையில் இருக்கக் கூடாது என்று சட்டம் வந்தால் நீங்கள் கை உயர்த்துவீர்களா?" பள்ளிவாசல் நிர்வாகம், தோட்டத்துக் கோயில் கமிட்டி, பாடசாலை அபிவிருத்திச் சங்கம் என்று எல்லோரும் சேர்ந்து கேட்டால் பதில் சொல்லாமல் போக முடியாது.

திங்கட்கிழமை அந்தப் பிள்ளைக்கு நான் சொல்லப்போவது இதுதான்: "நீ கேட்டது சரி மகன். அந்த ரிப்போட்டை நாங்கதான் கேக்கணும். இதுவரைக்கும் கேக்கல்ல."

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கீழே எழுதுங்கள். மரியாதையாக எழுதினால் எல்லாவற்றுக்கும் பதில் தருவேன், இன்ஷா அல்லாஹ்.