கடல்கட்டி

திருச்செந்தூரில் கடலாடி, நாழிக்கிணற்றில் நீராடி, செந்திலாண்டவனைத் தரிசித்துத் திரும்பும் அன்பர்களுக்கு அக்கடல் தீர்த்தம். அதே கடலில், தூத்துக்குடிக்கு அப்பாலுள்ள முத்துப்பார்களில் மூழ்கியவர்களுக்கோ அது பிழைப்பும் அச்சமும் ஆகும். கல் கட்டிய கயிற்றைக் காலால் பற்றி ஆழத்தில் இறங்குவார்கள். சிப்பி பொறுக்க ஒரு நிமிட மூச்சுதான் துணை. அங்கே சுறாவும் உலவும்.

ஆகையால் முத்துச் சலாபத்தில் கடல்கட்டி என்றொருவர் இருந்தார். மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுவது அவர் தொழில். அவர் இல்லாமல் முத்துக்குளிப்போர் நீரில் இறங்க மாட்டார்கள். ஆங்கிலேய அரசும் அவருக்கு ஊதியம் தந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, முத்தில் அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கும், மீனைக் கட்டும் மந்திரக்காரருக்கு இருபதில் ஒரு பங்கும் சென்றதாகக் குறித்துள்ளார்.

அவர் கூறும் மற்றொரு செய்தியே நாம் சிந்திக்கத் தக்கது. அந்தக் கட்டு பகலுக்கு மட்டுமே உரியது. இரவானால் அவிழ்த்துவிடுவார்களாம். இரவில் களவாக மூழ்குவோரைத் தடுக்கவே அப்படிச் செய்தார்கள் என்பதுண்டு. படகுகளின் ஆரவாரமே சுறாவை விரட்டியது, மந்திரமன்று என்பாரும் உண்டு. எதுவாயினும், சுறாவை அழிக்கும் மந்திரத்தை அவர்கள் நாடவில்லை. ஒரு பகல் வழிவிடுமாறே வேண்டினார்கள். இரவுக் கடல் சுறாவுக்கே உரியதாயிற்று.

இன்று நிலைமை வேறு. 1961ஆம் ஆண்டோடு இக்கரையில் சலாபம் நின்றுபோயிற்று. துடுப்புக்காகவும் இறைச்சிக்காகவும் பிடிக்கப்பட்டுச் சுறாக்களும் அருகிவிட்டன. 1986இல் தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரையுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அதுவும் ஒரு கடல்கட்டுதான். ஆனால் இம்முறை கட்டப்பட வேண்டியவை சுறாவின் வாயல்ல, நம் கைகள்.

வாசலில் அரிசிமாக் கோலமிட்டு எறும்புக்கு ஈவதும், உண்ணுமுன் காக்கைக்குப் பிடிசோறு வைப்பதும் நம் வீட்டுப் பெரியோர் காட்டிய வழி. உலகம் நமக்கு மட்டும் உரியதன்று என்பதை அவர்கள் நாள்தோறும் நினைவூட்டினார்கள். அடுத்த முறை செந்தூரில் கடலாடும்போது பழந்துணியையும் பிளாஸ்டிக் பையையும் அலையில் விடாமல் கரையேறுவோம். நாம் நீராடித் திரும்பியபின், அந்த நீரில் வாழ்பவை இருக்கின்றன. அவையும் அவன் படைப்பே.