கழுத்தைத் திருகும் வைத்தியம்

தேர்வாய் கண்டிகையில் ஒரு காலத்தில் ஆடுமாடுகள் மேய்ந்து கொண்டிருந்த நிலத்தில் இன்று சிப்காட் ஆலைகள் எழுந்து நிற்கின்றன. அங்கும் கும்மிடிப்பூண்டியிலும் நாள் முழுவதும் குனிந்து நிமிர்ந்து, பாரம் தூக்கிப் பாடுபடும் வாலிபர்களுக்குக் கழுத்து வலி வருவது அதிசயமல்ல. அவ்வலிக்கு அவர்கள் தேடும் பரிகாரத்தைப் பற்றியே நாம் எழுத வேண்டியிருக்கிறது.

சவரக் கடை நாற்காலியில் உட்கார்ந்தவர் தலையைப் பிடித்து இப்புறமும் அப்புறமும் வெடுக்கென்று திருப்புவதும், 'மடக்' என்று சத்தம் கேட்டதும் "சுளுக்கு விட்டது" என்று அவர் மகிழ்வதும் நம் நாட்டு வழக்கம். பட்டணத்திலோ இதற்குக் 'கைரோபிராக்டிக்' என்று பலகை மாட்டிப் பணம் வாங்குகிறார்கள். பெயரும் கூலியும் வேறே தவிர, திருகல் ஒன்றேயாகும்.

அந்தச் சத்தந்தான் என்ன? மூட்டுக்குள் இருக்கும் நீரில் வாயுக் குமிழி உண்டாவதால் எழும் ஓசை. விரலைச் சொடுக்கினாலும் அதுதான் கேட்கிறது. விலகிய எலும்பு இடத்தில் வந்து உட்கார்ந்ததற்கு அது அத்தாட்சியல்ல. உடுக்கைச் சத்தம் கேட்டதும் பேய் ஓடிவிட்டதென்று நம்புகிறவனுக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம்?

இந்தப் பலகை வைத்தியத்தின் பிறப்பையும் பார்ப்போம். 1895-ல் அமெரிக்காவில் டாவன்போர்ட் என்ற ஊரில் டி. டி. பால்மர் என்பவர் இதைத் துவக்கினார். நோய்களில் நூற்றுக்கு 95 முதுகெலும்பு பிசகுவதால் வருகின்றன என்றார். இந்த ஞானத்தைச் செத்துப்போன ஒரு டாக்டரின் ஆவி தமக்கு உபதேசித்ததாக அவரே எழுதியும் வைத்தார். நம் ஊர்ப் பூசாரி குறி சொன்னால் சிரிக்கிற படித்தவர்கள், அமெரிக்க ஆவி சொன்னால் மட்டும் சாஸ்திரம் என்பதா?

விஷயம் சிரிப்போடு நிற்கவில்லை. மூளையின் பின்பாகத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் இரண்டு குழாய்கள் கழுத்தெலும்புகளின் துவாரங்கள் வழியாகவே மேலே ஏறுகின்றன. திடீரென்று திருகினால் குழாயின் உட்சுவர் கிழியக்கூடும். அங்கே இரத்தம் கட்டி, அக்கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். 2016-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஓர் இளம்பெண் இப்படித்தான் இறந்தாரென்று மரண விசாரணை அதிகாரியே முடிவு கூறினார். 2017-ல் டெல்லிப் பக்கத்தில் சவரக் கடையில் கழுத்து முறித்துக்கொண்ட ஒருவருக்கு, உதரவிதானத்தை இயக்கும் நரம்புகள் கெட்டு, சுவாசத்துக்கே இயந்திரம் தேவையாயிற்று.

"ஆயிரம் பேருக்குச் செய்தேன், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே" என்பார்கள். இவ்விபத்து அபூர்வம் என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் தீங்கு சில மணி நேரமோ, சில நாளோ கழித்தும் வெளிப்படலாம். விழுந்தவர் ஆஸ்பத்திரிக்குப் போவாரே தவிர, அதே நாற்காலிக்குத் திரும்பி வந்து கணக்குச் சொல்லமாட்டார். குழாய் முன்பே கிழிந்திருந்து, அந்த வலிக்காகவே சிலர் திருகப் போகலாம். ஆகையால் திருகலே காரணம் என்று எப்போதும் சொல்லிவிட முடியாது என்று வாதிப்போரும் உண்டு. வாதம் நியாயமானதே. ஆனால் கிழிந்த குழாயுள்ள கழுத்தைத் திருகுவது அதைவிட ஆபத்தல்லவா? அமெரிக்க இருதய சங்கம் 2014-ல், காரணம் ரூபிக்கப்படாவிட்டாலும் இந்தச் சம்பந்தத்தை நோயாளிக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டுமென்று கூறிற்று. நம் ஊரில் தெரிவிக்கிறவர் யார்?

இவ்வளவு ஆபத்துக்கும் ஈடான லாபமாவது உண்டா? சாதாரணக் கழுத்து வலி பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணியும். முறையான தேகப்பயிற்சியால் வரும் குணத்தைவிடத் திருகலால் வரும் குணம் அதிகம் என்பதற்குத் தக்க ருசுவில்லை.

சவரத் தொழிலாளித் தோழர்களைத் தூற்றுவது நம் நோக்கமல்ல. கேட்கிறவர் இருப்பதால் அவர்கள் செய்கிறார்கள். பலகை மாட்டிப் பணம் வாங்குகிறவருக்கே பொறுப்பு அதிகம்.

ஆகவே தோழர்களே! யார் கை வைத்தாலும், "கழுத்தைத் திருகாதே" என்று சொல்லுங்கள். திருகிய பின்போ, திருகாமலேயோ தலை சுற்றல், இரட்டைப் பார்வை, நாக்குழறல், நடை தள்ளாட்டம், ஒரு பக்கம் மரத்தல் கண்டால் 108-ஐக் கூப்பிடுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு நாலரை மணி நேரமே தவணை. அந்த நேரத்தை மந்திரிப்பதிலும் தைலம் தேய்ப்பதிலும் கழித்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுகிறோம்.