ஆட்டோ ஸ்டாண்டில் ஒரு கட்டணப் பலகை வேண்டும்



சாரல் விழ ஆரம்பித்துவிட்டது. இனி எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே கேள்விதான். "டீச்சர், குடும்பத்தோட குற்றாலம் வாரோம். தென்காசி ஸ்டேஷன்ல இருந்து ஆட்டோவுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?"

இத்தனை வருடம் இலஞ்சியில் இருக்கிற எனக்கே இதற்குப் பதில் தெரியாது. எங்கேயும் எழுதி வைத்திருந்தால்தானே தெரியும்? போன சீசனில் ஸ்டேஷனிலிருந்து எங்கள் தெருவுக்கு வர, பக்கத்து வீட்டுக்காரர் 120 ரூபாய் கொடுத்தார். மழையில் வந்து இறங்கிய என் அத்தையிடம் 200 வாங்கினார்கள். கேரளாவிலிருந்து வந்த ஒரு குடும்பத்திடம் 300. ஒரே சாலை, ஒரே தூரம், மூன்று விலை.

இதை எழுதும்போது ஒன்றை மனதில் வைத்திருக்கிறேன். என்னிடம் 'அ' எழுதிப் படித்த பிள்ளைகள் பலர் இன்று ஆட்டோவும் வாடகைக் காரும் ஓட்டிக் குடும்பம் நடத்துகிறார்கள். இந்தப் பதிவை அவர்களும் படிப்பார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

அவர்களில் ஒருவன் சொன்னது நியாயமாகவே பட்டது. "டீச்சர், சம்பாத்தியம் சீசன் மூணு மாசமும், கார்த்திகையில சபரிமலைக் கூட்டமும்தான். அருவியில தண்ணி கூடிப்போய் குளிக்கத் தடை போட்டா அன்னைக்கு வண்டி நிக்கும். ஆனா டியூ நிக்காது. எஃப்சி, இன்சூரன்ஸ், பெட்ரோல் எல்லாம் ஏறிட்டு. எவ்வளவு வாங்கலாம்னு எங்களுக்கும் யாரும் சொல்லலியே?"

அவன் கேட்பது சரிதான். சென்னையின் கதையைப் பாருங்கள். 2013 ஆகஸ்டில் அரசு அங்கே ஆட்டோவுக்கு முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று நிர்ணயித்தது. அதன்பின் பெட்ரோல் நூறைத் தாண்டியது. கட்டணம் மட்டும் பதினோரு வருடம் அசையவில்லை. மீட்டர் போட்டால் நஷ்டம் என்று ஆனதும் மீட்டரைப் போடாமலே ஓட்டினார்கள். கடைசியில் 2025 பிப்ரவரியில் சங்கங்களே 50 ரூபாய், கிலோமீட்டருக்கு 18 ரூபாய் என்று அறிவித்துக்கொண்டன. கட்டுபடி ஆகாத விதியைப் போட்டுவிட்டு அதைத் திருத்தாமல் இருந்தால், நல்லவனையும் விதியை மீறப் பழக்குகிறோம் என்று பொருள்.

மலைக்கு அந்தப் பக்கம் வேறு மாதிரி. நம் சீசனுக்கு வரும் கூட்டத்தில் மலையாளிகளும் உண்டு. அவர்கள் ஊரில் 2022 மே முதல் ஆட்டோவுக்கு முதல் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு 30 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 15 ரூபாய் என்று மாநிலம் முழுவதற்கும் அரசே அறிவித்தது. அங்கேயும் தகராறு இல்லாமல் இல்லை. ஆனால் தகராறு வந்தால் காட்டுவதற்கு ஒரு எண் இருக்கிறது. நம் ஊரில் அந்த எண்ணே கிடையாது. அப்படியானால் "அதிகம் கேட்டார்" என்று எதை வைத்துப் புகார் கொடுப்பது?

அடுத்தது லைசென்ஸ். முன்பு வாடகை வண்டி ஓட்ட 'பேட்ஜ்' கட்டாயம், அதற்கு எட்டாம் வகுப்பு படித்திருக்கவேண்டும். 2017ல் ஒரு காப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம், 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டிக்கு இலகுரக வாகன லைசென்ஸே போதும், தனி அனுமதி தேவையில்லை என்றது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதை உறுதி செய்தது. எட்டாம் வகுப்பு விதியை மத்திய அரசு 2019ல் எடுத்துவிட்டது.

ஆசிரியையாக இருந்தும் இதில் எனக்கு வருத்தமில்லை. எட்டாம் வகுப்புச் சான்றிதழ் ஒருவர் நிதானமாக ஓட்டுவாரா, ராத்திரி தனியாக ஏறும் பெண்ணைப் பத்திரமாக இறக்கிவிடுவாரா என்பதைச் சொல்லாது. ஆனால் இருந்த வாசலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதையும் வைக்கவில்லையே என்பதுதான் என் கேள்வி. 2014 டிசம்பரில் தில்லியில் செயலி மூலம் கார் பிடித்த ஒரு பெண்ணுக்கு நேர்ந்த கொடுமை நினைவிருக்கும். அந்த ஓட்டுநர்மீது முன்பே வழக்கு இருந்தது. அவர் வைத்திருந்த நன்னடத்தைச் சான்று போலி என்று பிறகுதான் தெரிந்தது. காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டால் போதாது, அதைச் சரிபார்க்க ஆள் வேண்டும்.

இருக்கிற சட்டமும் கேலியாக இருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 178வது பிரிவுப்படி, ஆட்டோக்காரர் சவாரிக்கு வர மறுத்தால் அதிகபட்ச அபராதம் 50 ரூபாய். 2019 திருத்தத்தில் காருக்கு 200ஐ 500 ஆக்கினார்கள், ஆட்டோவைத் தொடவில்லை. இதற்காக எந்த அதிகாரி நோட்டைத் திறப்பார்?

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

முதலாவது, தென்காசி மாவட்டத்துக்கு ஒரு கட்டணம் நிர்ணயிக்கவேண்டும். சங்கத்தாரையும் உட்காரவைத்துப் பேசி, திரும்பும்போது காலியாக வரும் தூரத்தையும் கணக்கில் சேர்த்து, வருடத்துக்கு ஒருமுறை திருத்தவேண்டும். அதை ஸ்டேஷன், பஸ் ஸ்டாண்ட், பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் எல்லா இடத்திலும் தமிழிலும் மலையாளத்திலும் பலகையாக வைக்கவேண்டும். 2019ல் தனி மாவட்டம் ஆனோமே, இதைக்கூடச் செய்ய முடியாதா?

இரண்டாவது, ஓட்டுநரின் பெயர், படம், லைசென்ஸ் எண், புகார் எண் கொண்ட அட்டை பயணி கண்ணில் படும்படி வண்டிக்குள் இருக்கவேண்டும். காவல் துறை சரிபார்த்த பிறகே அந்த அட்டையைக் கொடுக்கவேண்டும். புகார் வந்தால் ஓட்டுநரையும் கேட்டு, முதலில் எச்சரிக்கை, திரும்பத் திரும்ப நடந்தால் லைசென்ஸை நிறுத்திவைப்பது. வகுப்பில் நாம் செய்ததுதான். தண்டனை சின்னதாக இருக்கலாம், ஆனால் நிச்சயமாக இருக்கவேண்டும்.

மூன்றாவது, வெள்ளை போர்டு கார்களை வாடகைக்கு விடுவதை நிறுத்தவேண்டும். வரி கட்டி, பெர்மிட் எடுத்து மஞ்சள் போர்டில் ஓட்டுபவன் வயிற்றில் அது அடிக்கிறது. நமக்கும் ஆபத்துதான். சொந்த உபயோகக் காரின் காப்பீட்டில் வாடகை ஓட்டம் சேராது. விபத்து நடந்தால் இழப்பீட்டுக்கு நீதிமன்றப் படி ஏறி இறங்கவேண்டிவரும்.

லண்டனில் கறுப்பு டாக்ஸி ஓட்ட சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்து தேர்வு எழுதவேண்டும். 1865ல் தொடங்கிய வழக்கம் அது. தேர்ச்சி பெறவே மூன்று நான்கு வருடம் ஆகும். அத்தனை கஷ்டம் நம் பிள்ளைகளுக்கு வேண்டாம். ஆனால் அந்தத் தேர்வால் அங்கே அந்தத் தொழிலுக்கு ஒரு மரியாதை வந்தது. கட்டுப்பாடு நல்ல ஓட்டுநருக்கு எதிரி இல்லை. நாலு பேர் செய்வதற்கு ஊரிலுள்ள எல்லா ஆட்டோக்காரருக்கும் கெட்ட பெயர் வருகிறதே, அதிலிருந்து அவரைக் காப்பாற்றுவது அதுதான்.

பயணிகளான நமக்கும் கடமை உண்டு. மூன்று பேர் ஏறும் ஆட்டோவில் ஏழு பேர் ஏறிக்கொண்டு "மெதுவா போப்பா" என்று சொல்லக்கூடாது. ஓட்டலில் ஆயிரம் ரூபாய் பில்லுக்கு வாய் திறக்காதவர்கள் ஆட்டோவில் இருபது ரூபாய்க்குச் சண்டை போடுவதும் அழகில்லை. வயதில் மூத்த ஓட்டுநரை "வாய்யா, போய்யா" என்று பேசாதீர்கள்.

வண்டி ஓட்டும் என் பிள்ளைகளே, இதில் எங்கேயாவது உங்களுக்கு நியாயக் குறைவாகப் பட்டால் கீழே எழுதுங்கள். கிலோமீட்டருக்கு எவ்வளவு இருந்தால் கட்டுபடி ஆகும் என்று கணக்கோடு எழுதுங்கள். எல்லாவற்றையும் தொகுத்து மாவட்ட ஆட்சியருக்கு மனுவாகக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். திங்கட்கிழமை குறைதீர் நாளில் நானே போய் வரிசையில் நிற்பேன். கையெழுத்துப் போட வருகிறவர்கள் வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர், இலஞ்சி